பழைய பேட்டரியோடு புதிதாக ஒன்றை பேரலலாகப் போடலாமா?

வணக்கம் தம்பி. நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பர்மாவின் பெகுவில் கோயில் மண்டபத்தில் மாலையில் தமிழ் வகுப்பு நடத்துகிறீர்கள். 12 வோல்ட் இன்வெர்ட்டர், 100 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) ஈய பேட்டரி ஒன்று, வாங்கி இரண்டு வருடம். இரண்டு சீலிங் ஃபேன், நாலு எல்.இ.டி. டியூப் லைட். கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடுகிறது. கடைக்காரர் 150 ஏ.எச். பேட்டரி ஒன்றைக் காட்டி, "இதைப் பக்கத்தில் வைத்து பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்தால் போதும்" என்கிறார். செய்யலாமா, எவ்வளவு நேரம் கூடும் என்பது கேள்வி.

பேரலல் இணைப்பு சரியான வழிதான். ஆனால் அந்தப் பழைய பேட்டரியோடு வேண்டாம். அதைவிட முக்கியமாக, பேட்டரி வாங்கும் முன்னால் உங்கள் சார்ஜரைப் பாருங்கள். நம் ஊரில் பாதிப் பேர் இரண்டாவது பேட்டரி வாங்கியும் நேரம் கூடவில்லை என்று வருத்தப்படுவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ரங்கூனில் இந்த வேலையிலேயே இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் வோல்ட் அப்படியே 12தான், ஏ.எச். மட்டும் கூடும். இரண்டு 100 சேர்ந்தால் 200. ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் கொடுத்தால் அது சீரீஸ், 24 வோல்ட் ஆகிவிடும். உங்கள் 12 வோல்ட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்வெர்ட்டரைக் கருக்கியவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள் லோடு என்ன? சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் என்று வைத்தால் இரண்டுக்கு 150. டியூப் லைட் 18 வாட் வீதம் நாலுக்கு 72. மொத்தம் 222 வாட். இன்வெர்ட்டர் தான் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைத்தான் கொடுக்கும். 85 சதவீதம் கொடுக்கிறது என்று வைத்தால் பேட்டரியிலிருந்து சுமார் 22 ஆம்பியர் போகும். 100-ஐ 22-ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம் வர வேண்டும் போலத் தோன்றும். வராது. பேட்டரி மேல் எழுதியிருக்கும் 100 என்பது 20 மணி நேரக் கணக்கு. அதாவது 5 ஆம்பியர் அளவில் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் தாங்கும் என்பது. வேகமாக எடுக்க எடுக்க ஈய பேட்டரி கொடுக்கும் மொத்த அளவே குறையும். இதற்குப் பியூக்கர்ட் விதி என்று பெயர். அந்த விதிப்படி, தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1.2 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், 22 ஆம்பியருக்குப் புது பேட்டரி சுமார் 3 மணி 20 நிமிடம் தாங்கும், அதுவும் அடிவரை உறிஞ்சினால்.

அதே லோடை இரண்டு பேட்டரி பங்கு போட்டால் ஒவ்வொன்றும் 11 ஆம்பியர்தான் கொடுக்க வேண்டும். மெதுவாகக் கொடுப்பதால் ஒவ்வொன்றும் கூடுதலாகக் கொடுக்கும். மொத்தம் கிட்டத்தட்ட ஏழே முக்கால் மணி நேரம். இரண்டு மடங்கு அல்ல, 2.3 மடங்கு. பேரலலில் போடுவதில் உள்ள உண்மையான லாபம் இது. ஆனால் ஈய பேட்டரியை அடிவரை உறிஞ்சினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். பாதியோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு புது பேட்டரிக்கு 1 மணி 40 நிமிடம், இரண்டுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இப்போது உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். இன்வெர்ட்டர் கத்துவது பேட்டரி கிட்டத்தட்ட காலியான பிறகுதான். அந்த இடத்துக்கு வர 3 மணி 20 நிமிடம் ஆக வேண்டிய பேட்டரி ஒன்றரை மணியில் வந்துவிடுகிறது. அப்படியானால் ஒன்று, பேட்டரி பாதிக்கு மேல் செத்துவிட்டது. இல்லையென்றால் அது ஒருநாளும் முழுதாக சார்ஜ் ஆவதில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் நடக்கும், பிறகு அதுவே முதலாவதைக் கொண்டுவரும்.

எப்படி என்று பாருங்கள். சிறிய இன்வெர்ட்டர்களில் உள்ளே இருக்கும் சார்ஜர் பெரும்பாலும் 10 ஆம்பியர், நல்லதாக இருந்தால் 15. இரண்டு பேட்டரி வைத்து மாலையில் நாலு மணி நேரம் 22 ஆம்பியர் எடுத்தால் 88 ஏ.எச். போய்விட்டது. ஈய பேட்டரிக்கு எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சுமார் 100 ஏ.எச். என்று வையுங்கள். 10 ஆம்பியர் சார்ஜருக்கு இது 10 மணி நேர வேலை. கடைசிப் பகுதியில் பேட்டரி தானாகவே குறைவாகத்தான் வாங்கும் என்பதால் உண்மையில் இன்னும் கூட ஆகும். நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் வெட்டு என்று மாறி மாறி வருகிற நாளில் ஒரு தடவைக்கு 40 ஏ.எச். மட்டும்தான் உள்ளே போகும். மார்ச், ஏப்ரல், மேயில் அணைகளில் தண்ணீர் இறங்கி வெட்டு நீளும்போது அதுவும் இல்லை. போதாததற்கு மாலை நேரத்தில் லைனில் 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் பல சார்ஜர்கள் சொன்ன ஆம்பியரைக் கொடுப்பதே இல்லை.

தொட்டியைப் பெரிதாக்கிவிட்டு அதே மெல்லிய குழாயில் தண்ணீர் பிடித்தால் தொட்டி நிறையாது, அவ்வளவுதான். அதோடு நஷ்டமும் உண்டு. அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும் ஈய பேட்டரியில் தகடுகள் மேல் சல்பேட் படிந்து கெட்டிப்படும். அது மறுபடி கரையாது. அப்படி இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் கெடுத்துக்கொள்வீர்கள். 200 ஏ.எச். ஈய பேட்டரி வைப்பதென்றால் 20 ஆம்பியராவது கொடுக்கும் சார்ஜர் வேண்டும். இன்வெர்ட்டரோடு வந்த சார்ஜர் போதாதென்றால் தனி சார்ஜர் ஒன்று வைக்கலாம், மண்டபத்தின் மேல் இடம் இருந்தால் சோலார் பேனல் போடலாம். 550 வாட் பேனல் ஒன்றும் நல்ல எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் (பேனலிலிருந்து முடிந்த அளவு மின்சாரத்தை இழுத்து பேட்டரிக்குக் கொடுக்கும் பெட்டி) இருந்தால் வெயில் நாளில் 2 யூனிட் அளவுக்கு வரும், உங்கள் மாலை வகுப்புக்கு அது தாராளம். மழைக்காலத்தில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. அப்போது கரண்ட் சார்ஜும் கூட இருக்க வேண்டும்.

இதைவிட மலிவான வழி ஒன்றும் இருக்கிறது, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம்: ஃபேனை மாற்றுங்கள். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) வகை சீலிங் ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரண்டையும் மாற்றினால் லோடு 222-லிருந்து 132 வாட்டுக்கு இறங்கும், பேட்டரியிலிருந்து 13 ஆம்பியர்தான் போகும். ஒரே ஒரு நல்ல 100 ஏ.எச். பேட்டரி அப்போது ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இன்னொரு பேட்டரி வாங்கியதற்குக் கிட்டத்தட்டச் சமம். பேட்டரி மூன்று நாலு வருடத்தில் போய்விடும், ஃபேன் இருக்கும். திருப்பிச் சார்ஜ் செய்ய வேண்டிய அளவும் குறைந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பேட்டரி வேண்டும் என்றால், நாலு மணி நேரம் நிம்மதியாக வகுப்பு நடக்க அது தேவைதான், இனி இணைப்பு விஷயம்.

பழையதோடு புதியதை ஏன் சேர்க்கக் கூடாது என்று பலரும் கேட்பார்கள். 12 வோல்ட் ஈய பேட்டரிக்குள் ஆறு செல். பழையதில் ஒரு செல் ஷார்ட் ஆனால் மிச்சம் ஐந்து செல், 10.5 வோல்ட்தான். பக்கத்தில் 12.7 வோல்ட்டில் நிற்கும் புது பேட்டரி இரவு பகலாகத் தன்னிடம் உள்ளதை அந்தப் பழையதற்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் சார்ஜர் இரண்டையும் சேர்த்து 14 வோல்ட்டுக்கு மேல் ஏற்றப் பார்க்கும். ஆறு செல் பங்கிட வேண்டிய வோல்ட்டை ஐந்து செல் வாங்கி, கொதித்து, வாயு விடும். பெட்டி சூடாகி உப்பும். செல் ஷார்ட் ஆகாவிட்டாலும், பழையது தானாகவே சார்ஜை இழக்கும் வேகம் அதிகம்; அதை நிரப்புகிற வேலை புதியதன் தலையில் விழும். ஆறு மாதத்துக்குள் வாங்கியது என்றால் அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். இரண்டு வருடம் ஆனதோடு கூடாது.

100-உம் 150-உம் என்ற கேள்வி இதிலிருந்து வேறு. ஒரே வகை, ஒரே வயது என்றால் பேரலலில் ஏ.எச். வித்தியாசம் பெரிய ஆபத்து இல்லை. பெரியது கூடக் கொடுக்கும், சிறியது குறைத்துக் கொடுக்கும், ஓரளவு தானாகவே சரியாகிவிடும். சீரீஸில்தான் இது விஷம். இருந்தாலும் புதிதாக வாங்கும்போது ஒரே கம்பெனி, ஒரே மாடல், முடிந்தால் ஒரே மாதத்தில் தயாரான இரண்டை எடுப்பதில் ஒரு கஷ்டமும் இல்லையே. கடையில் தேதி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பழையதைக் கொடுத்துவிட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்ததும் உடனே இணைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6, 12.7 காட்ட வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சேர்க்கலாம். ஒன்று 12.7, இன்னொன்று 12.0 என்றால் வித்தியாசம் வெறும் 0.7தானே என்று தோன்றும். பேட்டரிகளின் உள் தடையும் கேபிளின் தடையும் சேர்ந்தே 12 மில்லி ஓம் அளவுதான் இருக்கும். தொட்ட கணத்தில் 50 ஆம்பியருக்கு மேல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். பொறி தெறிக்கும்.

கேபிள் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கடைக்காரர்களே தவறு செய்கிறார்கள். பெரும்பாலும் இன்வெர்ட்டரின் இரண்டு வயரையும் முதல் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டு, அடுத்த பேட்டரியை அதிலிருந்து கிளை மாதிரி இழுப்பார்கள். அப்போது முதல் பேட்டரிதான் அதிகம் உழைக்கும். இன்வெர்ட்டரின் பிளஸ் முதல் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, மைனஸ் இரண்டாவது பேட்டரியின் மைனஸுக்கு என்று மூலைக்கு மூலை கொடுங்கள். நடுவில் இரண்டையும் சேர்க்கும் இரண்டு வயரும் ஒரே நீளம், ஒரே கனம். இதனால் ஒரு வயர்கூடக் கூடுதல் செலவு இல்லை, இரண்டு பேட்டரியும் சரிசமமாக வேலை செய்யும்.

நாலு பேட்டரி வைப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கணக்குக்காகச் சற்றுக் கூட்டியே ஒவ்வொரு பேட்டரிக்கும் 20 மில்லி ஓம் தடை, இடையில் ஒவ்வொரு வயருக்கும் 1.5 மில்லி ஓம் என்று வைத்து, ஒரே முனையிலிருந்து 100 ஆம்பியர் எடுத்தால் முதல் பேட்டரி 36 ஆம்பியர் கொடுக்கும், அடுத்தது 26, அதற்கடுத்து 20, கடைசி 18. முதலாவதன் உழைப்பு கடைசியைப் போல் இரண்டு மடங்கு. அதுதான் முதலில் சாகும். செத்து மற்றதையும் இழுக்கும். மூலைக்கு மூலை எடுத்தால் ஓரத்தில் இருக்கும் இரண்டும் 26 சொச்சம், நடுவில் இரண்டும் 23 சொச்சம். பரவாயில்லை, ஆனால் முழுச் சமம் இல்லை. மூன்றுக்கு மேல் போனால் செம்புப் பஸ்பார் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் தடித்த பட்டை) வைத்து, ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரே நீளக் கேபிளை அதற்குக் கொண்டுபோவதே ஒழுங்கான வேலை. அந்த அளவுக்குப் போவதற்குப் பதில் 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு மாறுவதே மேல் என்பேன். ஆம்பியர் பாதியாகும், கேபிள் சூடு குறையும்.

கேபிள் கனம் பற்றி: 1000 வி.ஏ. இன்வெர்ட்டர் முழு லோடில் 12 வோல்ட்டில் 80 ஆம்பியர் இழுக்கும். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுங்கள், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நுனியில் லக்கு என்ற உலோக வளையம் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். வெறும் வயரை முறுக்கி நட்டுக்குள் திணிக்கும் பழக்கம் இங்கே நிறைய. தளர்ந்த இடத்தில்தான் முதலில் உருகும்.

அப்புறம் ஃபியூஸ். ஒவ்வொரு பேட்டரிக்கும் அதன் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே தனித்தனியாக 100 ஆம்பியர் டி.சி. ஃபியூஸ் வையுங்கள். ஷார்ட் ஆனால் 100 ஏ.எச். ஈய பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். இரண்டு பேரலலில் இருந்தால் ஒன்றின் கோளாறுக்கு மற்றொன்று எண்ணெய் ஊற்றும், அதைத் தடுப்பது அந்தத் தனி ஃபியூஸ்தான். வீட்டு மெயின் போர்டில் போடும் ஏ.சி. பிரேக்கரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டி.சி.யில் எழும் தீப்பொறியை அது அணைக்காது. வேலை செய்யும்போது மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஸ்பானரின் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

கோயில் மண்டபம் என்பதால் இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும். இரண்டு பேட்டரி என்றால் இரண்டு மடங்கு வாயு. கற்பூரத் தட்டு, குத்துவிளக்கு, ஊதுவத்தி வைக்கும் பக்கம் பேட்டரி இருக்கக் கூடாது. மூடிய அலமாரிக்குள்ளும் வைக்காதீர்கள். குழந்தைகள் கை படாத, மேலே காற்று போகிற இடம் பாருங்கள். வெயில் நேராக விழும் சுவரும் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 2024 ஏப்ரலில் ச்சவ்க் ஊரில் 48.2 டிகிரி அடித்த நாடு இது. திருவிழா நாளில் மைக் செட்டையும் இதிலேயே கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அதற்கு ஜெனரேட்டர் வைக்கட்டும்.

லித்தியம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் கட்டாயம் காட்டுவார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் நல்ல தேர்வுதான். 100 ஏ.எச். ஒன்று 11, 12 கிலோதான். ஈயத்தில் அதே அளவு 30 கிலோவுக்குப் பக்கம் வரும். ரங்கூனில் லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடிக்குத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும். 80 சதவீதம் வரை உறிஞ்சலாம், வேகமாக எடுத்தாலும் அளவு அவ்வளவாகக் குறைவதில்லை, சார்ஜையும் வேகமாக வாங்கும். கரண்ட் கொஞ்ச நேரமே வரும் ஊருக்கு இந்தக் கடைசிக் குணம்தான் பெரிய வரம். ஆனால் 30, 40 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் இருந்தால்தான் அந்த வரம் கிடைக்கும்.

அதை ஈய பேட்டரியோடு பேரலலில் போடவே கூடாது. அதன் வோல்ட் பெரும்பகுதி நேரம் 13.2 பக்கமே நிற்கும். அது காலியாகும்வரை ஈயம் சும்மா கிடக்கும், காலியானதும் ஈயத்தின் மேல் முழு லோடும் விழும். லித்தியத்தை லித்தியத்தோடு சேர்க்கலாம். எத்தனை வரை பேரலலில் போடலாம் என்று அதன் கையேட்டில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் பி.எம்.எஸ். என்ற காவல் போர்டு உண்டு. லோடு கூடி ஒன்றின் போர்டு துண்டித்துக்கொண்டால் மொத்த லோடும் மற்றதன் மேல் போய் அதுவும் துண்டிக்கும், மண்டபம் இருட்டாகும். ஆகவே ஒரு பேட்டரியால் தனியாகத் தாங்க முடிகிற லோடுக்குள்ளேயே இருங்கள். அதன் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதனால் இரண்டையும் தனித்தனியாக முழுதாக நிரப்பிய பிறகுதான் சேர்க்க வேண்டும். சார்ஜரில் ஈக்வலைஸ், டீசல்ஃபேஷன் என்று (ஈய பேட்டரிக்காக வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்கும் முறைகள்) ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் விடாதீர்கள். பேரலலில் இருக்கும்போது எந்த பேட்டரியில் மீட்டரை வைத்தாலும் ஒரே வோல்ட்தான் காட்டும். கெட்டது நல்லதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் பிரித்து, ஒரு இரவு தனியாக விட்டு, காலையில் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ஹைட்ரோமீட்டரால் (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) ஆறு செல்லையும் பாருங்கள். முழு சார்ஜில் 1.265-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் 1.200 பக்கம் கிடந்தால் குற்றவாளி அதுதான். டி.சி. ஆம்பியரும் காட்டுகிற கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இருந்தால் வகுப்பு நடக்கும்போது இரண்டு பேட்டரியின் வயரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள், 11-உம் 11-உம் வர வேண்டும். 15-உம் 7-உம் என்றால் முதலில் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், பிறகு பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

இன்வெர்ட்டரின் பின்பக்கத் தகட்டில் சார்ஜிங் கரண்ட் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அதையும், உங்கள் பகுதியில் ஒரு நாளைக்குக் கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதையும் எழுதுங்கள். தனி சார்ஜர் போதுமா, பேனல் வேண்டுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். கடைக்காரருக்கு அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.